பெயர் சுரண்டிய பாட்டில்கள்

முதல் நாள்

பொலோஞா ரயில் நிலையத்தில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. குடை பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே கிடந்தது. எடுக்கத் தேவையே ஏற்படவில்லை. இந்த ஊரில் தெருவோரம் முழுவதும் வளைவுகள் தாங்கிய கூரையுள்ள நடைபாதைகள். போர்ட்டிகோ என்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வருமாம். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நனையாமல் விடுதி வரை போய்ச் சேர்ந்தோம்.

'தோம்' என்றது தங்கை மகனையும் சேர்த்து. 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான். பெட்டியை இழுத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, இங்கிருந்து ஃபிளாரன்ஸ் நாற்பது நிமிடம். வெனிஸ் ஒன்றரை மணி நேரம். நீங்கள் ஐந்து நாளும் இங்கேயே இருந்து பாட்டில் பார்க்கப் போகிறீர்களா?"

ஆமாம், பாட்டில்தான். ஜார்ஜோ மொராண்டி என்ற ஓவியர் 1890இல் இந்த ஊரில் பிறந்து, 1964இல் இந்த ஊரிலேயே இறந்தார். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் பாட்டில், ஜாடி, கிண்ணம், தகர டப்பா, எண்ணெய் விளக்கு ஆகியவற்றையே வரைந்துகொண்டிருந்தார். இத்தாலியை விட்டு அவர் வெளியே போனது மிக அரிது. 1956இல், அறுபத்தாறு வயதில், சுவிட்சர்லாந்து வரை போய் வந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் அனுப்பிய வாழ்த்து அட்டையில் அவருடைய ஓவியம் ஒன்று அச்சாகியிருந்தது. வெள்ளைப் பாட்டில் ஒன்று, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு டப்பா, முன்னால் சிறு கிண்ணம். பார்த்த மாத்திரத்தில் அம்மாவின் சமையலறை அலமாரி நினைவுக்கு வந்தது. அந்த அட்டை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பழைய பொருள்களின் மேல் தீராத ஏக்கம் கொண்ட ஒரு மனிதர் வரைந்தது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த ஏக்கத்தின் பிறப்பிடத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். "சரி மாமா" என்றான், நம்பாத குரலில்.

மாலையில் ஸ்த்ராதா மஜோரே வழியாக நடந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத் தூண்கள் தாங்கும் ஒரு வீட்டு முகப்பு அந்தத் தெருவில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆனால் என் கண் சுவர்களிலேயே இருந்தது. செங்கல் பொடி, காவி, வெளுத்த மஞ்சள், ஈரம் பட்ட இடத்தில் சாம்பல். மொராண்டியின் நிறங்களை அவருடைய தனிக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஊர் முழுவதும் அதைத்தான் பூசி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள்

மொராண்டி அருங்காட்சியகம் இப்போது மாம்போ எனப்படும் நவீனக் கலைக்கூடத்துக்குள் இருக்கிறது. அந்தக் கட்டடம் முதலில் ரொட்டித் தொழிற்சாலையாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நகர மக்களுக்குக் குறையாமல் ரொட்டி கிடைக்கவேண்டும் என்று அப்போதைய மேயர் ஃபிரான்செஸ்கோ சனார்தி கட்டியது. நுழைந்ததும் உயரமான கூடம். அடுப்புகள் இருந்த இடம் இதுவாக இருக்குமோ என்று தோன்றியது. தின்பதற்கு ஒன்றும் இல்லாத வெற்றுப் பாத்திரங்களை இங்கே கொண்டுவந்து மாட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

தலைப்புகளைப் படித்துக்கொண்டே போனால் பத்தாவது படத்தில் அலுத்துவிடுகிறது. 'நத்தூரா மோர்த்தா', 'நத்தூரா மோர்த்தா', மறுபடியும் அதுவே. இடையிடையே 'நிலக்காட்சி', 'பூக்கள்'. ஆண்டு மட்டும் மாறுகிறது. நத்தூரா மோர்த்தா என்றால் சொல்லுக்குச் சொல் 'இறந்த இயற்கை'. தமிழில் அசையாப் பொருள் ஓவியம் என்கிறோம். அசையாதது என்பதும் இறந்தது என்பதும் ஒன்றில்லையே என்று முணுமுணுத்தேன். தங்கை மகன் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைப்பை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஐம்பதுகளில் வரைந்த ஒரு சிறு ஓவியத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். பள்ளிக்கூடச் சிலேட்டைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். நடுவில் உடலெங்கும் வரிவரியாகப் பள்ளம் விழுந்த, நீண்ட கழுத்துடைய வெள்ளைப் பாட்டில். அவருடைய பல ஓவியங்களில் வரும் அதே பாட்டில். அதை ஒட்டி இரண்டு பெட்டி வடிவங்கள். எட்டி நின்று பார்த்தால் எல்லாம் உறுதியாக நிற்கின்றன. ஒரு முழம் தூரத்துக்கு வந்ததும் தகராறு ஆரம்பமாகிறது. பாட்டிலின் வலப்பக்க விளிம்பு கோடாக இல்லை. பின்னணியின் சாம்பல் நிறம் பாட்டிலின் வெள்ளைக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கிறது. வெள்ளையும் சில இடங்களில் எல்லை தாண்டி வெளியே வந்திருக்கிறது. தூரிகையின் மயிர்த் தடம் ஈரக் களிமண்ணில் விரல் இழுத்ததுபோல் அப்படியே இருக்கிறது. பெட்டியின் மேல்விளிம்பும் மேசையின் பின்விளிம்பும் ஒரே மட்டத்தில் சந்திப்பதால், பெட்டி எங்கே முடிந்து மேசை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மூன்றாவது பொருளைப்போல் கனமாக நிற்கிறது. வரைந்தவர் தன் பொருள்களை நம்பாமல், அவை நிற்கின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

அம்மாவின் அலமாரி அந்த அரை மணி நேரத்தில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்த பிறகுதான் அது உறைத்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

எட்சிங் அறையில் தங்கை மகன்தான் அதிக நேரம் நின்றான். மெழுகு பூசிய செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, மை பூசி அச்செடுக்கும் முறை. மொராண்டி நிழலைத் தீற்றிக் காட்டவில்லை. கோட்டின் மேல் கோடு குறுக்கே இழுத்து, பின்னல் நெருங்கிய இடத்தை இருளாக்கினார், விலகிய இடத்தை ஒளியாக விட்டார். "பாய் முடைந்ததுபோல் இருக்கிறது மாமா" என்றான். சரியான சொல்தான். இந்தக் கலையை இவ்வூர் நுண்கலைக் கழகத்தில் 1930 முதல் 1956 வரை கற்பித்திருக்கிறார். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் டிராயிங் வாத்தியார்.

மூன்றாம் நாள்

இன்று மலைக்கு. கிரிட்ஸானா என்ற சிற்றூருக்கு மொராண்டி 1913 முதல் கோடையில் குடும்பத்தோடு போய்வந்தார். 1985இல் ஊரின் பெயரையே 'கிரிட்ஸானா மொராண்டி' என்று மாற்றிவிட்டார்கள்.

ரயில் நிலையத்தின் பெயரும் கிரிட்ஸானாதான் என்பதை நம்பி இறங்கியதுதான் தவறு. நிலையம் கீழே பள்ளத்தாக்கில், ஊர் மேலே மலையில். பஸ் எப்போது என்று பார்க்காமல் வந்தது முழுக்க என் பிழை. தங்கை மகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபின், காய்கறிக் கூடைகள் ஏற்றிய வேனில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். இவன் இத்தாலிய மொழியில் "மொராண்டி" என்று தொடங்கியதுமே, முழுவதும் கேட்காமல் ஏறச் சொல்லிக் கை காட்டினார்.

வீடு ஒரு அரசு ஊழியர் ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டைப்போல் இருக்கிறது. 1959-60இல், உலகப் புகழ் வந்தபிறகு கட்டியது. 1957இல் சாவோ பாவ்லோ கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசை வாங்கியவரின் வீட்டில் அலங்காரம் என்று ஒரு வளைவுகூட இல்லை. சிறு குழந்தையிடம் வீடு வரையச் சொன்னால் இதைத்தான் வரையும். இதே ஊராட்சியின் எல்லைக்குள் ரோக்கெட்டா மத்தேயி என்ற கோட்டை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரபு கனவு கண்டு கட்டிய குவிமாடங்களும் கோபுரங்களும். சுற்றுலா பஸ்கள் அங்கேதான் போகின்றன.

வீட்டுக்கு எதிரே சரிவில், அவர் திரும்பத் திரும்ப வரைந்த பழைய வைக்கோல் களஞ்சியங்கள் நிற்கின்றன. நேற்று படத்தில் பார்த்த களஞ்சியத்தை இன்று நேரில் பார்த்ததும் முதலில் எழுந்தது சந்தேகம். இது அதுதானா? கல்லும் ஓடுமாக, விரிசலும் கறையுமாக, எத்தனை விவரங்கள்! அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரு சாய்சதுரத்தையும் ஒரு செவ்வகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். வைக்கோல் இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை. ஊர்நினைவில் உருகுகிறவன் முதலில் மாட்டைத்தானே வரைவான்?

அவருடைய நிலக்காட்சிகளில் மனிதர்கள் இல்லை என்பதை நான் அமைதி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த மலையில் நின்றால் அப்படி எளிதாகச் சொல்ல முடியவில்லை. 1943இல் பொலோஞா மீது குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் இங்கே வந்து தங்கியது. அந்த ஆண்டில் நிறைய நிலக்காட்சிகள் வரைந்திருக்கிறார். 1944இல் நகரத்துக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக, இதோ அருகில் மோந்தே சோலே மலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நாஜிப் படையினர் எழுநூற்று எழுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். மர்ஸபொட்டோ படுகொலை என்று அதற்குப் பெயர். கிரிட்ஸானா வட்டாரமும் அதில் சேர்த்தி. ஓவியங்கள் அதற்கு முந்தியவை என்று அறிவு சொல்கிறது. மூடிய ஜன்னல்களோடு நிற்கும் அந்த வீடுகளைக் கண் இனி வேறு மாதிரிதான் பார்க்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துறவி, உலகம் அறியாதவர், பாட்டில்களோடு வாழ்ந்த புனிதர் என்று மொராண்டியைப் பற்றி ஒரு கதை உண்டு. நானும் நம்பியவன்தான். 1928இல் எழுதிய ஒரு தன்வரலாற்றுக் குறிப்பில் பாசிசத்தின் மேல் தமக்கு நம்பிக்கை உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். 1943இல், பாசிசத்தை எதிர்த்த நண்பர்களோடு இருந்த தொடர்புக்காகச் சில நாள் சிறையிலும் இருந்திருக்கிறார். இரண்டும் ஒரே மனிதர். உலகம் அறியாதவருக்கு இந்த இரண்டுமே நடந்திருக்காது.

திரும்பும்போது பஸ் நேரத்துக்கு வந்தது.

நான்காம் நாள்

காலையில் சாந்தோ ஸ்தெஃபானோ சதுக்கம். மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை கூடுகிறது. நாற்காலி, கடிகாரம், கிராமபோன், யாருடையதோ திருமணப் புகைப்படம். இந்தச் சந்தைக்குத்தான் என் பழைய மனம் காத்திருந்தது. மொராண்டியும் பழைய கடைகளில் தேடித்தான் பாத்திரங்களைச் சேர்த்தார். விலை உயர்ந்ததைத் தேடியதில்லை.

எண்ணெய் வைத்திருந்த பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தேன். பச்சை கலந்த கண்ணாடி, அடியில் காற்றுக் குமிழ் ஒன்று, உடம்பில் பாதி கிழிந்த காகித லேபிள். கடைக்காரர் பன்னிரண்டு யூரோ என்றார். தங்கை மகன் எதோ பேசி எட்டுக்குக் கொண்டுவந்தான். லேபிள் இருப்பதால்தான் விலை என்று கடைக்காரர் விளக்கம் சொன்னாராம். லேபிளில் ஊர்ப் பெயர் இருக்கிறது, அதனால் இது 'ஞாபகம்' உள்ள பொருள். தாளில் சுற்றிக் கொடுத்தார்.

பிற்பகல், முன்பே பதிவு செய்திருந்தபடி, வியா ஃபோந்தாட்ஸா 36ஆம் எண் வீடு. 1910 முதல் கடைசி வரை மொராண்டி இங்கேதான் இருந்தார். தாய், மூன்று தங்கைகள். அவரும் தங்கைகளுமாக நால்வருமே மணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையறைதான் ஓவிய அறை. அதற்குப் போகவேண்டுமானால் தங்கைகளின் அறையைக் கடந்துதான் போகவேண்டும். வருகிறவர்கள் கதவு தட்டி, பெண்கள் வழிவிட்டு, அந்த நெடிய மனிதர் குனிந்து உள்ளே அழைத்துப் போவார். தங்கைகள் எழுந்து பின்னால் போய்க் காபி போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கலை வரலாறுகளில் அந்தக் காபிக்கு இடமில்லை.

ஓவிய அறையைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். ஒற்றைக் கட்டில், ஓவியத்தை நிறுத்தி வரையும் தாங்கி, மேசைகள். அடுத்த சிறு அறையில் பாத்திரங்கள் குவிந்திருக்கின்றன. அவரைப் பார்க்க வந்த கலை வரலாற்றாளர் ஜான் ரீவால்ட், பொருள்களின் மேல் படிந்திருந்த தடித்த மென்தூசியைப் பற்றி எழுதியிருக்கிறார். மொராண்டி அதைத் துடைக்க விடவில்லை. தூசி பளபளப்பைக் கொன்று பொருளை மங்க வைக்கிறது, அவருக்கு அதுதான் வேண்டும். இந்த அறையின் பொருள்களை ஒருகாலத்தில் நகர மன்ற மாளிகைக்கு எடுத்துச் சென்று அங்கே அறையை மறுபடி அமைத்திருந்தார்கள். 2009இல் இங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைச் சொன்னதும் தங்கை மகன் கேட்டான்: "தூசியையும் கொண்டுவந்தார்களா மாமா?" அங்கிருந்த பெண் ஊழியரிடம் மொழிபெயர்த்தே கேட்டுவிட்டான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

பாட்டில்களைக் கூர்ந்து பார்த்தேன். எதிலும் லேபிள் இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. கண்ணாடிப் பாட்டில்கள் சிலவற்றுக்குள் வண்ணத்தை ஊற்றிச் சுழற்றியிருக்கிறார். இனி அதனூடே எதுவும் தெரியாது, ஒளி உள்ளே போகாது. தகர டப்பாக்களுக்கு வெளியே மங்கல் வண்ணம் பூசியிருக்கிறார். எந்தக் கடை, எந்த ஊர், உள்ளே என்ன இருந்தது என்ற எல்லாக் கேள்விக்கும் வழியை அடைத்த பிறகுதான் அந்தப் பொருள் அவருடைய மேசைக்கு வந்திருக்கிறது. காலையில் எட்டு யூரோ கொடுத்து நான் வாங்கியது எதுவோ, அதை இந்த மனிதர் நகத்தால் சுரண்டிப் போட்டிருக்கிறார்.

மேசையில் விரித்த காகிதத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. பொருள்களை வைத்த இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்திருக்கிறார். வட்டம், அரைவட்டம், சதுரத்தின் ஒரு மூலை. ஒரு வட்டத்தின் மேல் இன்னொன்று, அதற்குத் தானியமணி அளவு தள்ளி மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் குவிந்த கோடுகள். கிண்ணம் அரை அங்குலம் இடம் நகர்ந்தால் அது வேறு ஓவியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிரிட்டிஷ் கலைஞர் டசிட்டா டீன் இந்தக் கோடுகளை மட்டுமே வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். பொருள் எதுவும் இல்லாமல், வைத்த தடம் மட்டும். அவருக்குப் புரிந்தது எனக்கு நான்காவது நாள்தான் பிடிபட்டது.

ஜன்னலுக்கு வெளியே முற்றம். பல ஓவியங்களில் வருவது. ஒரு பக்கச் சுவர், அதில் வெயில், செடிகொடி. அவ்வளவுதான்.

படியில் இறங்கும்போது தங்கை மகன் சொன்னான்: "உங்கள் அலமாரி இங்கே இல்லை போலிருக்கிறதே மாமா." நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவன் எனக்குக் காட்டிய மரியாதையை நான் அவனுக்குத் திருப்பிக் காட்டினேன்.

இரவு விடுதியில் பாட்டிலைக் கை கழுவும் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அமிழ்த்தி வைத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் தீர்ந்ததும் அம்மா செய்வது இதுதான். ஒரு இரவு ஊறவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, லேபிள் போனபின் துவரம்பருப்பு கொட்டி வைப்பார். லேபிளை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த அலமாரியில் என் நினைவில் நிற்பது பருப்பின் மஞ்சளும் பயறின் பச்சையும்தான், எந்த எழுத்தும் இல்லை. இதை இத்தனை நாள் மறந்து, அட்டையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன். காகிதம் பெரும்பாலும் வந்துவிட்டது. பசை வரவில்லை. நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள்

விமான நிலையத்துக்குத் தங்கை மகனும் வந்தான். அடுத்த முறை வெனிஸ் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அம்மாவிடம், அதாவது என் தங்கையிடம், பாட்டிலுக்குக் கொடுத்த விலையைச் சொல்லமாட்டேன் என்று அவன் பங்குக்கு வாக்குக் கொடுத்தான்.

பாதுகாப்புச் சோதனையில் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். பாட்டிலைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, சாம்பல் நிறத் தட்டில் வைத்தேன். ஏற்கெனவே அதில் என் கடிகாரம், பர்ஸ், கண்ணாடிக் கூடு, சுருட்டிய பெல்ட் எல்லாம் இருந்தன. அதிகாரி பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பசை ஒட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"காலிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"காலிதான்."

தட்டில் திரும்ப வைத்தார். விழுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடிக் கூட்டை ஒரு விரற்கடை நகர்த்தி அதன்மேல் சாய்த்தார். பட்டை மெல்ல நகர, தட்டு உள்ளே போனது.